எட்டு டிகிரி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வரும். டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் மூன்று வருஷமாக நிற்கிற 1937 மாடல் மாரிஸ் காரை அள்ளிக்கொண்டு போய் மாயாபுரி பழைய இரும்புக் கடையில் கொட்டிவிடும். ஓடுகிற வண்டி என்றால் இருக்கலாம், ஓடாவிட்டால் குப்பை என்று காலனி ஆபீஸ் நோட்டீஸ் கொடுத்துவிட்டது. வத்சலாவுக்கு மிச்சம் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அவள் எடை அளவு இலாகாவில் இன்ஸ்பெக்டர். அவள் தலை தெரிந்தாலே கரோல் பாக் கடைக்காரர்கள் எடைக்கல்லைத் துடைத்து வைப்பார்கள். அப்பேர்ப்பட்டவளை ஒரு பல்சக்கரம் படுத்தி எடுத்தது.

எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தாயிற்று. பாக்கி வால்வ் டைமிங்தான். வால்வ் திறக்கவேண்டிய இடத்தில் திறக்காவிட்டால் எஞ்சின் இருமுமே தவிர ஓடாது. பழைய பல்சக்கரத்தில் அதற்கு அடையாளக் கோடு உண்டு. அந்தச் சக்கரம் தேய்ந்துபோனதால் கஷ்மீரி கேட்டில் கடைந்து வாங்கிய புதுசில் ஒரு புள்ளிகூட இல்லை. அதனால் அலுமினியத் தட்டில் முந்நூற்று அறுபது கோடு கிழித்து, கிராங்க் முனையில் மாட்டி, பக்கத்தில் ஒரு கம்பியை முள்ளாக வளைத்து வைத்திருந்தாள். பிஸ்டன் உச்சிக்கு வர எட்டு டிகிரி இருக்கும்போது வால்வ் திறக்க வேண்டும் என்றது புஸ்தகம். சோதிக்கும்போது வால்வுக்கடியில் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு இடைவெளி விடவும் சொன்னது. பக்கத்து பிளாக் வேணுவிடம் இரவல் வாங்கிய, இடைவெளி அளக்கிற தகட்டுக் கொத்தான ஃபீலர் கேஜில் இருபது என்று பொறித்த தகட்டைச் செருகி அதையும் வைத்தாள்.

"சுத்துங்கோன்னா. மெதுவா."

கணவர் ராஜகோபாலன் ஹாண்டிலைச் சுற்றினார். வால்வ் அசைந்தபோது முள் பதினேழில் நின்றது. பல்சக்கரத்தில் செயினை ஒரு பல் தள்ளி மாட்டினாள். இப்போது உச்சியைத் தாண்டி ஒரு டிகிரி. கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி மத்தியானமே வந்துவிட்டது. எட்டு மட்டும் வருவேனா என்றது.

"பதினேழும் நம்பர்தானேடீ! மூடித் தொலை, ஜல்தி. சாதம் ஆறிப்போறது."

"கிலோவுக்குத் தொள்ளாயிரம் கிராம் போடறவனும் இதையேதான் சொல்றான். நீங்க போய்ச் சாப்பிடுங்கோ. எட்டு வராம நான் எழுந்துக்கப் போறதில்லை."

அவர் போகவில்லை. முணுமுணுத்தபடி அங்கேயே உட்கார்ந்தார்.

வத்சலா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். கடையாக இருந்தால் என்ன செய்வாள்? உள்ளே நுழைந்ததும் சரக்கையா பார்ப்பாள்? எடைக்கல்லைக் கவிழ்த்து, அடியில் இந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். இங்கே சக்கரத்தைச் சந்தேகப்பட்டாள், செயினைச் சந்தேகப்பட்டாள். அளக்கிற தகட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே!

கிராங்கை அளக்க வைத்திருந்த மைக்ரோமீட்டரை எடுத்து அந்தத் தகட்டைக் கவ்வினாள். ஆயிரத்தில் இருபது இல்லை. எட்டுதான்.

வெயிலில் பிடித்துப் பார்த்தபோது இருபதுக்கு முன்னால் ஒரு புள்ளி தேய்ந்துபோயிருந்தது தெரிந்தது. அது மில்லிமீட்டர் தகடு; இடைவெளி பாதிக்கும் கீழே இருந்ததால்தான் வால்வ் சீக்கிரமே திறந்திருக்கிறது.

"அடக் கடவுளே! ஊருக்கெல்லாம் மெட்ரிக் கணக்கு சொல்லிக் குடுக்கறவ, மில்லிமீட்டரை அங்குலம்னு சொருகியிருக்கேன்!"

"அச்சா! அப்போ உன் பேருக்கே ஒரு அபராதச் சலான் எழுதிக்கோ," என்றார் ராஜகோபாலன்.

மைக்ரோமீட்டர் இருபது காட்டும்வரை தகடுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, இடைவெளியைப் புதிதாக வைத்தாள். செயினைப் பழைய பல்லுக்கே கொண்டுபோனாள். அவர் சுற்றினார். முள் எட்டில் நின்றது. நம்பாமல் இன்னும் மூன்று தடவை சுற்றச் சொன்னாள். மூன்று தடவையும் எட்டுதான். மிச்சத்தையெல்லாம் பூட்டி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டது.

திங்கட்கிழமை பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே லாரி வந்துவிட்டது. கூட வந்த காலனி இன்ஸ்பெக்டர் கயிற்றை இறக்கச் சொன்னார். வத்சலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹாண்டிலைச் சுற்றினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினாள், ஒரு இருமல். லாரிக்காரன் சிரித்தான். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் காதுகொடுத்துக் கேட்டார். "டீக் ஹை, மேடம். பந்த் கர் தீஜியே."

"நிறுத்தறதாவது!" என்றாள் தமிழிலேயே. ஓடிப்போய் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தாள். "ஏன்னா, என்ன பார்த்துண்டு நிக்கறேள்? ஏறுங்கோ!"

லாரியை உரசாத குறையாகக் கடந்து கார் தெருவுக்கு வந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட ஸ்டியரிங்கை விட மனசில்லை. அழுதுகொண்டே இரண்டாவது கியரைப் போட்டாள்.