ஹார்டு ராக் பெட்டி

“ஏனுங்க, அந்த ஆளு எதுக்கு இப்படிக் கத்துறாரு?”

“கத்தலை ரூபி, பாடுறான். இது டீப் பர்ப்பிள். ஹார்டு ராக்.”

“ஹார்டு ராக்குன்னா?”

“கெட்டிப் பாறை.”

“ஓ, பாறை மேல விழுந்துட்டாருங்களா? அப்பக் கத்தத்தான் செய்வாரு.”

கல்யாணமான முதல் வாரத்தில் நடந்த பேச்சு இது. அன்றைக்கு ஷாநவாஸ் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. பக்கத்து அறையில் மாமியார் வேண்டுமென்றே இருமினார். வெட்கத்தில் ரூபினா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாட்டு மட்டும் கொஞ்சமும் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டில் இப்போது இருமவும் ஆள் இல்லை. மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் இல்மாவும் போன ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்து பெங்களூருக்குப் போய்விட்டாள். வாடகை நாற்காலிகள் போய், பிரியாணி தேக்சாக்கள் போய், கடைசியாகக் கிளம்பிய சின்னம்மாவும் போய், மிச்சமிருந்தது துவைக்க வேண்டிய தலையணை உறைகளும் ரூபினாவின் வீங்கிய கால்களும்தான். சமையலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பால் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் இந்த நேரத்தில் இல்மா மேடை மேல் ஏறி உட்கார்ந்து, “அப்புறம்மா?” என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு ரூபினா முழு நாளையும் கொட்டிவிடுவாள்.

கூடத்தில் அருள்குமாரின் குரல் கேட்டது.

“பாய், முதல்ல உக்காரு. ஒரு சேதி. நல்ல சேதி இல்லை.”

அருள்குமார் ஷாநவாஸின் காலேஜ் கூட்டாளி. கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். விருந்தாளிகளுக்கு இடம் வேண்டும் என்று ஷாநவாஸ் தன் கேசட்டுகளை இரண்டு அட்டைப் பெட்டிகளில் கட்டி, அவர் பட்டறையில்தான் போட்டு வைத்திருந்தார். எந்தப் பாட்டு எந்த வகை என்று பிரித்துக் கட்டுவதற்கே இருவருக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. ஒரு பெட்டியில் ‘ஹார்டு ராக்’ என்றும் இன்னொன்றில் ‘ஹெவி மெட்டல்’ என்றும் பெரிய எழுத்தில் எழுதியவர் அருள்குமார்.

“நம்ம சின்னான் இருக்கான்ல. பட்டறையைக் கூட்டறப்ப பொட்டியைப் பாத்திருக்கான். ஹெவி மெட்டல்னு போட்டிருக்குது. அவன் என்னத்தைக் கண்டான்? பழைய இரும்போட சேத்து உக்கடத்துக் காயலான் கடைக்கு ஏத்தி உட்டுப்போட்டான்.”

“டேய்!”

“தூக்கறப்பவே, என்னடா ஹெவின்னு எழுதிப்போட்டு கனமே இல்லைன்னு நினைச்சானாம். நினைச்சவன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை பாரு. நான் போறதுக்குள்ள கடைக்காரர் பிளாஸ்டிக்குன்னு பிரிச்சு நசுக்கிட்டாரு. இந்த ஒரு பொட்டிதான் மிச்சம்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ரூபினா அடுப்பை அணைத்தாளே தவிர, துடைக்கவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கேசட். அந்த டீப் பர்ப்பிள். நிக்காஹ் ஆன ஆறாம் மாதம் ஷாநவாஸ் ஷார்ஜாவுக்குப் போனார். போனில் பேசினால் கையில் இருப்பதெல்லாம் கரைந்துவிடும் என்று கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். ஒருமுறை வெற்றுக் கேசட் கிடைக்காமல், தான் உயிராக வைத்திருந்த டீப் பர்ப்பிளில், மேலே பதிவாகாமல் இருக்க விட்டிருந்த ஓரத்து ஓட்டையில் செலோ டேப்பை ஒட்டி, பி சைடு பாட்டுகளின் மேலேயே பேசி அனுப்பிவிட்டார். மற்ற கேசட்டுகள் வெள்ளையடித்தபோதும் வீடு மாறியபோதும் ஒவ்வொன்றாகத் தொலைந்தன. பாட்டுக் கேசட் என்பதால் இது மட்டும் தப்பியது.

அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வெயில், தின்ற ரொட்டி, கூட இருந்த மலையாளியின் குறட்டை. கடைசியில் மட்டும், “ரூபி, இன்னிக்கு நீ என்ன பண்ணுனே?” என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லட்டும் என்று டேப்பை ஓடவிட்டுச் சும்மா இருப்பார். வெறும் இரைச்சல். ரூபினா கதவைச் சாத்திக்கொண்டு அந்த இரைச்சலுக்குப் பதில் சொல்வாள். சொல்லி முடிக்கும்வரை அது பொறுமையாக ஓடும்.

ஊருக்குத் திரும்பி, உக்கடத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை போட்டபின் மனுஷர் அப்படிக் கேட்டதில்லை. சாப்பாடு ஆச்சா, கரண்டு வந்துச்சா, இவ்வளவுதான். கெட்டவரில்லை. களைத்தவர்.

டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெட்டி நடுவில் இருந்தது. ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

“அண்ணா, டீ எடுத்துக்குங்க.”

“குடு தங்கச்சி. பாய், பிளாக் சபாத் கேசட்டெல்லாம் போச்சு. அதுல சந்தேகமே இல்லை. டீப் பர்ப்பிளும் அதோட போச்சு.”

“அது எப்படிப் போகும்? அது ஹார்டு ராக்கு.”

“அன்னிக்கே பேசி முடிச்சு மெட்டல் பொட்டியிலதானே போட்டோம்?”

“நீயாப் போட்டே. டேய், அதுல ஆர்கன் வாசிக்கிறான். எந்த மெட்டல்காரன்டா ஆர்கன் வாசிக்கிறான்?”

“ஆர்கன் வாசிச்சா என்ன? அந்தக் கிட்டார் வேகம், அந்தக் கத்தல், இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? மெட்டலுக்கு அப்பனே அவனுகதான்.”

“அப்பன் வேற, மகன் வேற. உங்கப்பாரு தறி போட்டாரு, நீ லேத்து ஓட்டுறே. உன்னைத் தறிக்காரன்னா சொல்றோம்?”

“பேச்சை மாத்தாத. பி சைடு மட்டும் இருந்திருந்தா நீயே வாயை மூடிட்டு மெட்டல்னு ஒத்துக்குவே. அதைத்தான் எவனோ பாவி அழிச்சுப்போட்டானே! எவன்னு இன்னி வரைக்கும் சொல்ல மாட்டேங்குற.”

ஷாநவாஸ் டீயை ஊதினார். ஊத வேண்டிய சூடு அதில் இல்லை.

ரூபினா கதவோரம் நின்றாள். வருஷக்கணக்காகக் கேட்ட சண்டை. எத்தனையோ ஞாயிறு இதன் நடுவில்தான் அவள் வெங்காயம் உரித்திருக்கிறாள். அலுப்பு அவளுக்குப் பழகிப்போனதுதான். ஆனால் இன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. போயிருந்தால் போய்விட்டது என்றாவது தெரிய வேண்டும்.

“தொறந்துதான் பாருங்களேன்,” என்றாள்.

“இரு தங்கச்சி. இவன் தோத்தேன்னு சொல்லட்டும், தொறக்கலாம்.”

“அண்ணா, எனக்குக் கால் வலிக்குது. தொறங்க.”

அவள் குரலைக் கேட்டு இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அருள்குமார் சாவியால் டேப்பைக் கீறினார். மேலாக இருந்தவற்றை எடுத்து அடுக்கினார். அடியில் ஓர் ஓரத்தில், கைக்குட்டையில் சுற்றியபடி ஒன்று கிடந்தது. பிரித்தார். மஞ்சளேறிய செலோ டேப்போடு டீப் பர்ப்பிள்.

ரூபினா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“பாய்! இது ஃபிராடு! மெட்டல் பொட்டியில நானே என் கையால போட்டேன்!”

“நீ போனதும் எடுத்து மாத்தி வெச்சேன்.”

“எதுக்குடா? ஒரு நியாயமான காரணம் சொல்லு, இன்னிக்கே ஒத்துக்கறேன்.”

ஷாநவாஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “ஒருத்தங்ககிட்ட இது ஹார்டு ராக்குன்னு சொல்லிப்போட்டேன்டா. அவங்க அதை வெச்சு ஒரு பேச்சுப் பேசுனாங்க. இப்ப வந்து மெட்டல்னா, அந்தப் பேச்சு நிக்காது.”

“இது ஒரு காரணமா?” அருள்குமார் தலையில் அடித்துக்கொண்டார். “யாருடா அந்த ஒருத்தங்க?”

ஷாநவாஸ் டீயைக் குடித்து முடித்தார். அருள்குமார் அவரைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார். “பட்டறையில ஆளு காத்திருக்குது. வாரேன் பாய். வாரேன் தங்கச்சி,” என்று செருப்பை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பட்டறை என்று யாரும் கேட்கவில்லை.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிப் போனது.

ஷாநவாஸ் கேசட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறை அலமாரிக்குப் போனார். பழைய டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரின் தூசியைத் தட்டிக் கேசட்டைப் போட்டு அமுக்கினார். உள்ளே எதுவோ சுற்றப் பார்த்து, முனகி நின்றது. மூடியைத் திறந்து விரலை விட்டார். சுற்ற வைக்கும் ரப்பர் பெல்ட் உருகிக் கருப்புப் பிசினாக விரலோடு வந்தது.

“போச்சு. இந்த பெல்ட் இப்பக் கிடைக்கறது கஷ்டம். அருளுகிட்டச் சொல்லி ஏதாவது தேடணும்.” பிசினைத் துடைக்கத் துணி தேடினார். “டீப் பர்ப்பிள் கேக்க இன்னொரு நாளு ஆகும் போல.”

“நான் அந்தப் பக்கத்தைக் கேக்கலைங்க.”

அவர் கை நின்றது. ரூபினா மெதுவாக வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். இந்த வார்த்தையை எத்தனையோ முறை நாக்கு நுனி வரை கொண்டு வந்திருக்கிறாள். கடைக் கவலை, மாமியார் வைத்தியம், இல்மாவின் பரீட்சை என்று ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ முந்திக்கொண்டது. இன்றைக்கு முந்த ஒன்றும் இல்லை.

“பெல்ட்டெல்லாம் தேட வேண்டாமுங்க,” என்றாள். “டேப்பு ஓடாட்டிப் போகுது. அதுல கடைசியா ஒண்ணு கேப்பீங்கள்ல, இன்னிக்கு என்ன பண்ணுனேன்னு. அதை இப்ப உங்க வாயால ஒருக்கா கேளுங்க. கேட்டுப்போட்டு, நான் சொல்லி முடிக்கற வரைக்கும் அந்த டேப்பு மாதிரியே சும்மா இருங்க.”