ஏழிலிருந்து மூன்றுக்கு

அக்காவின் கழுத்துவலி முதல் நாள் ஏழு. பன்னிரண்டாம் நாள் மூன்று. பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தாளில் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை எனக்கு ஷியாட்சு என்ற ஜப்பானிய அழுத்த வைத்தியத்தில் தேர்வு. பன்னிரண்டு தாள்களையும் கோத்துக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள்.

வேதியியல் முடித்துவிட்டுத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு சொட்டு கூடினால் நிறம் மாறிவிடும். மாறியது எல்லோருக்கும் தெரியும். ஷியாட்சுவில் அப்படி இல்லை. ஆளை உடுப்போடு தரை மெத்தையில் படுக்க வைத்து, நம் உடம்பின் எடையைச் சாய்த்து, உள்ளங்கையாலும் கட்டைவிரலாலும் அழுத்த வேண்டும். ஒரு கை வயிற்றிலோ முதுகிலோ அசையாமல் இருக்கும். அதற்குத் தாய்க் கை என்று பெயர். மற்றக் கை நடக்கும். உடம்பில் சக்தி ஓடும் பாதைகளுக்கு உறுப்புகளின் பெயர்; அவற்றில் எது காலி, எது நிறைவு என்று தாய்க் கைக்குத் தெரியுமாம்.

ஆறு மாதமாக என் தாய்க் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தாளில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட முடியாது.

"சிறுநீரகம் காலின்னு எழுதிடு" என்றாள் பக்கத்து மெத்தைக்காரி. வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "பாதிப் பேருக்கு அதான். யாரு திறந்து பாக்கப் போறா?"

எழுதினேன். பன்னிரண்டு தாளிலும் எழுதினேன். ஆனால் ஏழும் மூன்றும் நானாக எழுதிக்கொண்டவை இல்லை, அக்கா சொன்னவை. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் வகுப்புக்குப் போனேன்.

அக்கா வீட்டிலேயே துணி தைக்கிறாள். சாயங்காலம் தாள்களுக்கு எண் போடப் பென்சில் தேடி அவள் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தேன். பாபின்களுக்கு அடியில் மூன்று மாத்திரை அட்டைகள். இரண்டு தீர்ந்திருந்தன. மூன்றாவதில் நான்கு மிச்சம்.

"இது என்னக்கா?"

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "கண்ணு தெரியலையா? வலி மாத்திரை."

"எப்பலேருந்து?"

"எப்பவும்தான்."

"முதல் நாள் கேட்டேனே. மாத்திரை எதுவும் போடறதில்லன்னு சொன்னியே."

"நீ எப்படிக் கேட்ட? 'மாத்திரையெல்லாம் ஒண்ணும் இல்லதானே'ன்னு கேட்ட. அப்படிக் கேட்டா 'ஆமா'ன்னுதான் வாயில வரும்."

உண்மைதான். அப்படித்தான் கேட்டேன்.

"அப்ப மூணுன்னு சொன்னது?"

மெஷின் நின்றது. "அமுக்கி முடிச்சதும் பேனாவத் தூக்கிட்டு என் மூஞ்சியவே பாப்ப, ரிசல்ட் பாக்கற மாதிரி. வேலைய வேற விட்டுட்டு வந்து நிக்கற. அந்த மூஞ்சிகிட்ட ஏழுன்னு எப்படிடி சொல்றது?"

"வலி குறையவே இல்லையா?"

"குறைஞ்சுதே."

"என்னாலயா, மாத்திரையாலயா?"

"அத நான் எப்படிக் கண்டேன்? கழுத்துல மீட்டரா மாட்டியிருக்கு?"

அவளைப் படுக்கச் சொன்னேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு வயிற்றில் கை வைத்துத் தோன்றியதைச் சொன்னேன். அக்கா அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். பத்து நிமிடம் விட்டு மறுபடி. இன்னொரு பத்து நிமிடம் விட்டு மறுபடி. முதலில் நுரையீரல் காலி. அடுத்து இரைப்பை காலி. மூன்றாவது சிறுநீரகம்.

காகிதத்தைப் பார்த்து அக்கா சிரித்தாள். "ஒரே வயித்துல மூணு குடித்தனமா? வாடகை யாருகிட்டடி வாங்கறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிசோதனைக் கூடத்தில் இப்படி மூன்று விடை வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று ஓரமாக வைத்துவிடுவோம். இங்கே கருவி என் கை. அதை எங்கே வைப்பது?

சாப்பிடும் முன் கடைசித் தாளின் அடியில் எழுதினேன்: 'பன்னிரண்டு நாளும் இவர் வலி மாத்திரை போட்டிருக்கிறார். எனக்கு இன்றுதான் தெரிந்தது. காலி என்ற கட்டத்தில் நான் எழுதியது எதுவும் கையில் பட்டதல்ல.' எழுதிய பிறகு, இது நேர்மையா, தேர்விலிருந்து தப்பிக்கும் வழியா என்றும் தெரியவில்லை.

மறுநாள் தேர்வாளராக இருந்தவர் வெளியிலிருந்து வந்த பெண்மணி. ஷியாட்சு தேர்வில் தேர்வாளரே மெத்தையில் படுத்துக்கொள்வார். நம் கையை அவர் உடம்பாலேயே திருத்துவார். படுப்பதற்கு முன் என் கோப்பைப் புரட்டியவர் கடைசித் தாளில் நின்றார்.

"இத யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம்."

"ம்." கண்ணாடியைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டுப் படுத்தார். அதைச் சுவரோரம் பத்திரமாக வைத்துவிட்டு வந்தேன்.

தாய்க் கையை வயிற்றில் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. மற்றக் கை காலில் நடந்தது. முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால். திரும்பிப் படுக்கச் சொல்லி முதுகு. மறுபடி மல்லாக்கப் படுக்கச் சொல்லி வயிறு. இருபதாவது நிமிடத்தில் மெல்லிய குறட்டை கேட்டது.

என் அழுத்தத்தில் தூங்கினாரா? காலையிலிருந்து நான் எட்டாவது ஆள், அந்தக் களைப்பில் தூங்கினாரா? எழுப்பலாமா? எழுப்பினால் மதிப்பெண் போகுமா? ஒன்றும் புரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

மணி அடித்ததும் எழுந்து உட்கார்ந்தார். "எது காலி?"

"தெரியல மேடம். வயிறு முதல்ல குளிர்ச்சியா இருந்துச்சு. கடைசியில வச்சப்ப சூடா இருந்துச்சு. நீங்க தூங்கினதாலயா, என் கையாலயான்னு தெரியல."

"நான் தூங்கினேனா?"

"...குறட்டை விட்டீங்க."

கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நிறைய எழுதினார். மதியம் பலகையில் ஒட்டினார்கள். என் எண்ணுக்கு நேரே: 'அழுத்தம் தேர்ச்சி. கணிப்பு தேர்ச்சி இல்லை. தாள்கள் செல்லாது, பன்னிரண்டும் புதிதாக.' ரேடியோ கணிப்பிலும் தேர்ச்சி. "சிறுநீரகம்தான்" என்று கண்ணடித்தாள்.

பாதி தேறியவள் அழ வேண்டுமா, இனிப்பு வாங்க வேண்டுமா? இரண்டும் செய்யாமல் வீட்டுக்கு வந்தேன்.

மெஷின் மேல் அதே மாத்திரை அட்டை. நான்கும் அப்படியே இருந்தன. அக்கா கழுத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து போடல" என்றாள். "உயிர் போகுது. மெத்தையப் போடு."

"மாத்திரையப் போட்டுக்கோக்கா. நான் வேற யாரையாவது பாத்துக்கறேன்."

"ரொம்பப் பேசாத. தாங்கலன்னா நானே போட்டுக்குவேன். போட்டா சொல்றேன், எழுதிக்க. இப்ப எட்டு."

எட்டு என்று எழுதினேன். காலிக்கான கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். நாற்பது நிமிடம் அழுத்தினேன். தாய்க் கைக்கு அடியில் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது. அக்காவின் மூச்சாகவும் இருக்கலாம்.

முடித்ததும் பேனாவை எடுத்தேன். பிறகு ஞாபகம் வந்து முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப எத்தனை?"

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா?"

"இருடி" என்றாள். "நிஜத்தச் சொல்றதுன்னா நேரம் ஆகும்ல."