மணியக்காரர் கேட்ட மீதிக் கதை

எழுத்தாளராகிவிடுவது என்று தண்டாயுதபாணி தீர்மானித்தபோது அவரிடம் இல்லாதது கதை ஒன்றுதான். திருச்செங்கோட்டில் வாங்கிய ஊற்றுப்பேனா, தோளில் சரிகைத் துண்டு, 'கொங்குச் சந்திரன்' என்று ஒரு புனைபெயர் எல்லாம் வந்துவிட்டன. எழுதத் தொடங்குகிறவன் மனிதர்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பட்டணத்துப் பத்திரிகை ஒன்று புத்தி சொல்லியிருந்தது. அவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் முறைத்துப் பார்த்தார். யாராவது கிட்டே வந்தால் காகிதத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கதையைத் திருடிவிடுவார்களாம்.

அது 1936-ஆம் வருஷம். ஆட்டையாம்பட்டிப் பக்கத்து அந்த ஊரில் காகிதமும் கையுமாக இருக்கிறவன் ஒன்று கணக்குப்பிள்ளை, இல்லாவிட்டால் மேலிடத்துக்கு மொட்டை மனுப் போடுகிறவன். தண்டாயுதபாணி கணக்குப்பிள்ளை இல்லை.

மணியக்காரர் வெள்ளியங்கிரி அவரை மனுப் போடுகிறவர் என்றே முடிவு கட்டினார். ஊர்க் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்குத் தாசில்தார் வருகிற சமயம். ஒரு மனுப் போனால் போதும், பாட்டன் காலத்து மணிய உத்தியோகம் போய்விடும். தலைப்பாகையும் வெள்ளிப்பூண் தடியுமாக வேப்பமரத்தடிக்கு வந்தார். மணியத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த பங்காளி காளியண்ணனும் சும்மா வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, எழுத்து பலமா இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா துண்டைப் போட்டு மூடறே?"

"முடியட்டுங்க. அப்புறம் ஊருக்கே தெரியுமுங்க."

மணியக்காரர் துண்டைப் பிடுங்கினார். ஒரே ஒரு வரி இருந்தது: 'அந்தி சாய்ந்தது, சந்திரவதனி பெருமூச்சு விட்டாள்.'

"யாரு இவ?"

"ராசகுமாரிங்க."

"எந்த ஊரு?"

"கற்பனைங்க."

"மீதி எங்கே?"

"தோணலீங்க மாமா. ஒரு மாசமா இந்த வரியோடதான் கெடக்கறேன்."

சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறவர் இதை நம்புவாரா?

"பொய் பேசாதே! மீதியைத் தபால்ல போட்டுட்டே. ஏரிக்கரையில சர்க்கார் புளியமரம் காத்துல உழுந்துதுன்னு நான் கணக்குக் காட்டினதைத்தானே எழுதினே? அது எம் மச்சான் செங்கல் சூளைக்கு வண்டி ஏறிப் போனதையும் எழுதியிருப்பியே!"

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த காளியண்ணன் பட்டென்று வாயை மூடினார்.

தண்டாயுதபாணி கண்ணை மூடி யோசித்தார். "கோவிச்சுக்காதீங்க மாமா. இதுல கதையே இல்லீங்களே. மரம் வெட்டறதையெல்லாம் யாருங்க படிப்பாங்க?"

தாசில்தார் படித்தார். மறுவாரம் அவருக்குப் போன மொட்டை மனுவில் பெருமூச்சு எதுவும் இல்லை. மரம், வண்டி, சூளை என்று நேராக இருந்தது. எழுதத் தொடங்கக் காளியண்ணனுக்கு எந்தப் பத்திரிகையின் புத்தியும் தேவைப்படவில்லை. ஜமாபந்தி முடிந்தபோது மணியம் அவர் வீட்டில் இருந்தது.

ஊரோ மனு எழுதியது தண்டாயுதபாணிதான் என்றது. வெள்ளியங்கிரி அவரைக் கண்டால் காறித் துப்பினார். மற்றவர்கள் சந்தையில் நிறுத்திக் கும்பிட்டார்கள்.

"எழுதுனா உங்களாட்ட எழுதோணுங்க! ஒரே எழுத்துல ஆளைச் சாச்சுப்புட்டீங்களே!"

நான் எழுதவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே நிற்பவர்கள் தம்முடைய முதல் வாசகர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் கொஞ்சம் நல்லா எழுதியிருக்கலாமுங்க" என்றார் அடக்கமாக.