வலது முன் சக்கரத்தின் மஞ்சள்

உச்சியாமாவின் கார் மஞ்சள் நிறம் என்று சொன்னால் போதாது. ஜப்பானின் ஹமாமத்ஸு நகரில் அது திரும்பும் தெருமுனையில் சூரியனே சற்று ஒதுங்கி வழிவிடும். இருக்கை இரண்டே இரண்டு. உயரம் ஒரு பூனை தாண்டுகிற அளவு. சத்தம் மட்டும் மூன்று ரயிலுக்குக் காணும். அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி இருபத்திரண்டு வருடம். அதற்குப் பிறகு அவர் மனைவியிடம் பேசியதைவிடக் காரிடம் பேசியது அதிகம் என்று மனைவியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஏரிக்கரை வாகன நிறுத்தத்தில் இதே வகைக் கார் வைத்திருக்கும் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். அங்கே உச்சியாமாவுக்கு ஒரே பாட்டுத்தான்.

"மூக்குலேர்ந்து வால் வரைக்கும் தொழிற்சாலை பெயிண்ட். ஒரு சொட்டு வெளிப் பெயிண்ட் பட்டதில்ல. சந்தேகம்னா மோச்சியக் கேளுங்க."

மோச்சி என்கிற மோச்சிசுகி தொகுஜி நாற்பது வருடமாகக் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். உச்சியாமாவுக்குப் பள்ளிக்கூட நாள் முதல் சிநேகிதர். ஊரில் அவர் கண்ணுக்குத் தனி மரியாதை. ஒரே வெள்ளையில் அறுபது வெள்ளை பார்ப்பவர். சோற்றைப் பார்த்தே எந்த வயல் அரிசி என்று சொல்லிவிடுவார் என்றுகூடப் பேச்சு. அவர் தலையசைத்தால் பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவரும் மாதா மாதம் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

அசைத்த தலைக்குள் ஒரு முள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், அரசாங்கப் பரிசோதனைக்காக அந்தக் கார் அவர் பட்டறையில் இரண்டு நாள் நின்றது. கியோஸாக் கொழுக்கட்டை வாங்க நடந்து போயிருக்கலாம், நானூறு அடிதான். சாவி கையில் இருந்தது. கடை வாசலில் ஒரு சிமெண்ட் தூண் நின்றிருந்தது. தூண் தானாக நகர்ந்து வந்து மோதியது என்று முதல் ஒரு மணி நேரம் அவர் உறுதியாக நம்பினார். வலது முன் மட்கார்டு தொடையளவு நசுங்கியிருந்தது. ராத்திரி முழுக்கத் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, காலையில் பார்த்தபோது அவருக்கே அடையாளம் தெரியவில்லை. சொல்லிவிடத்தான் நினைத்தார். உச்சியாமா வாசலில் ஒரு முலாம்பழத்தோடு வந்து நின்று, "என் தங்கத்தப் பாத்துக்கிட்டதுக்கு" என்று நீட்டினார். வாய்வரை வந்த வார்த்தை முலாம்பழத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

இந்த ஜூன் மாதம் உச்சியாமா பட்டறைக்குள் துள்ளி வந்தார்.

"மோச்சி, சக்கரம் நாலையும் உடம்பு நிறத்துக்கே அடிச்சுடு. வெள்ளிச் சக்கரம் போட்டவன் ஆயிரம் பேரு. உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரே மஞ்சள்னா, அது என்னுது மட்டும்தான்."

"எதுக்குடா? வாழைப்பழத்துக்கு வாழைப்பழச் சக்கரம் மாட்டினாப்ல இருக்கும்."

"இருக்கட்டும். வாழைப்பழத்தப் பாத்து எவன் முகம் சுளிச்சான்?"

டயரைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதல் பூச்சு அடிக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மஞ்சளைக் கலந்து ஒரு அட்டையில் அடித்து, வெயிலில் காரோடு ஒட்டிவைத்துப் பார்த்தபோதுதான் வம்பு தொடங்கியது. கதவோடு ஒட்டியது. கூரையோடு ஒட்டியது. வலது முன் மட்கார்டோடு ஒட்டவில்லை. உடம்பு இருபத்திரண்டு வருடம் வெளுத்திருந்தது. மட்கார்டு ஆறே வருடம். வித்தியாசம் ஒரு மயிரிழை. கொசுவின் மீசையில் பாதி. ஆனால் அந்த மட்கார்டுக்கடியில் உடம்பு மஞ்சளில் ஒரு சக்கரம் உட்கார்ந்தால், மயிரிழை கயிறாகிவிடும்.

அதனால் அவர் மூன்று சக்கரத்துக்கு ஒரு மஞ்சளும், வலது முன் சக்கரத்துக்கு வேறொரு மஞ்சளும் கலந்தார். நாற்பது வருடத்தில் அவர் செய்த ஆக நேர்த்தியான வேலை அது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்டில் உச்சியாமா டயர் ஒரே சீராகத் தேயட்டும் என்று முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றி மாட்டினார். மறுநாளே பட்டறைக்கு வந்தார். துள்ளல் இல்லை. நோயாளி வீட்டுக்குள் நுழைவது போல் வந்தார்.

"மோச்சி, மஞ்சள ரெண்டு தடவை கலந்தியா?"

"ஆ... ஆமா. பத்தல. மறுபடி கலந்தேன்."

"வலப்பக்கம் ரெண்டு சக்கரமும் ஒட்டல. எனக்கே தெரியுதுன்னா..." உச்சியாமா அவர் தோளில் கைவைத்தார். "வயசாகுதுடா. கண்ணுக்கும் ஆகும். வெக்கப்படாதே. நான் யார்கிட்டயும் சொல்லல."

காரைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவேயில்லை. மோச்சி தலையசைத்த கார் ஆயிற்றே.

அன்றிலிருந்து கவனிப்பு தொடங்கியது. கண்ணுக்கு நல்லது என்று தினமும் விலாங்கு மீன் ஈரல் சூப் வந்தது. ஏரியில் இனி விலாங்கே மிஞ்சாது என்கிற அளவுக்கு வந்தது. மோச்சியின் மனைவி மித்ஸுயே, "உங்களுக்குக் கண்ணு போனதுல வீட்டுக்கு நல்ல சாப்பாடு. காதையும் கொஞ்சம் கெடுத்துக்கிட்டா என்ன?" என்றாள். மோச்சி ஒவ்வொரு வாயையும் கல்லை விழுங்குவது போல் விழுங்கினார்.

பிறகு உச்சியாமா தானே கண் மருத்துவரிடம் நேரம் வாங்கி, அதே மஞ்சள் காரில் அவரை அழைத்துப்போனார்.

மருத்துவர் ஓர் இளம்பெண். மேசையில் நான்கு நீளப் பெட்டி. ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேல் சிறு நிற வில்லைகள். "ஒரு நிறத்துலேர்ந்து அடுத்ததுக்கு வரிசையா அடுக்குங்க. அவசரமில்லை ஐயா," என்றாள். உச்சியாமா பின்னால் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

மோச்சி முடிவோடுதான் வந்திருந்தார். தப்பாக அடுக்குவது, கண் போய்விட்டது என்று பட்டறையை மூடுவது, பழைய பொய்யும் அதோடு போகட்டும். முதல் வில்லையைத் தப்பான இடத்தில் வைத்தார். கை உடனே அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தது. மறுபடி தப்பாக வைத்தார். பல்லைக் கடித்தார். சேறு மாதிரி ஒரு பச்சையின் நடுவே நீலம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவர் உடம்பு கூசியது. அதற்கப்புறம் விரல்கள் அவரைக் கேட்கவில்லை.

மருத்துவர் பெட்டிகளைத் திருப்பிப் பின்பக்க எண்களைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"ஒண்ணுகூடத் தப்பில்ல ஐயா. எனக்கே நாலு தப்பு வரும்."

உச்சியாமா கைதட்டினார். மருத்துவமனையே திரும்பிப் பார்த்தது. வாசலுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தவர், காரருகே நின்றார்.

"அப்ப சக்கரம் எப்படிடா தப்பாச்சு?"

வெயிலில் தார் இளகிக் கிடந்தது. மோச்சி தலை தாழ்த்தி நின்று, தூணையும் கியோஸாவையும் மட்கார்டையும் சொன்னார். இரண்டு மஞ்சளையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

உச்சியாமா மட்கார்டு முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்தார்.

"மோதினதுக்கு ரெண்டு நாள் திட்டியிருப்பேன். மூணாவது நாள் சேந்து குடிச்சிருப்போம்," என்றார் கடைசியில். "ஆறு வருஷம் என்னை ஊர் நடுவுல கத்தவிட்டியே."

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

"நீ சொல்லாதே. கத்தினவன் நான், நான்தான் சொல்லணும். நீ பக்கத்துல நில்லு. அது போதும்."

அது திட்டைவிட ஆயிரம் மடங்கு வலித்தது. மோச்சிக்கு நிழல்கூடச் சுட்டது.

திரும்பும் வழியில் எழுபத்தைந்து வயதுக்காரி ஒருத்தி சைக்கிளில் அவர்களைத் தாண்டிப் போனாள். உச்சியாமா வேகம் கூட்டவில்லை. பட்டறை வாசலில் மோச்சி இறங்கினார். இதுதான் கடைசித் தடவை என்று நினைத்துக் கதவை மெல்லச் சாத்தினார்.

"அந்த ஒரு சக்கரத்தைத் திங்கக்கிழமை கொண்டாறேன்," என்றார் உச்சியாமா, சாலையைப் பார்த்தபடி. "திரும்ப அடி."

மோச்சி ஜன்னலுக்குக் குனிந்தார். "அடிக்கறேன். மட்கார்டையும் உடம்போட சேத்து..."

"அதத் தொடாதே. நாலு சக்கரமும் உடம்பு மஞ்சள். மட்கார்டு அப்படியே இருக்கட்டும்."

"தனியாத் தெரியுமேடா."

"தெரியட்டும்."

கார் போனது. மோச்சி வாசலிலேயே நின்றார். தெருக்கோடியில் அது வலப்புறம் காட்டித் திரும்பியபோது, அவ்வளவு தூரத்திலிருந்தும் அவருக்கு அந்த மட்கார்டு மட்டும்தான் தெரிந்தது.