பாலக் காவல்

ஜப்பான்காரன் தோற்றதில் ஊருக்கெல்லாம் சந்தோஷம். நஷ்டம் எனக்குத்தான்.

குண்டு விழும் என்ற பயத்தில் நாற்பத்திரண்டில் ஸ்ரீரங்கமும் திருச்சியும் கூட்டுக் காவல் ஏற்படுத்தின. காவேரிப் பாலத்தின் வடக்கு முனை எங்களுக்கு, தெற்கு முனை அவர்களுக்கு. ஒரு கரையின் சொல்லை மறுகரை மீறக் கூடாது என்று ஒப்பந்தம். எங்களுக்குத் தலைவர் என் அப்பா வேதாந்தம். அவர்களுக்கு, தோல் மண்டி முகம்மது கனி. சாயங்காலமானால் இரண்டு பேரும் நடுப்பாலத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். மலைக்கோட்டை புகையாய் மங்கும், ஆறு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. பொய் சொல்வானேன், தூரத்திலிருந்து பார்க்க எனக்கும் பிடிக்கும்.

சண்டை முடிந்தது. கலைந்து போக யாருக்காவது மனசு வந்ததா? முதலில் விளக்கில்லாத சைக்கிளைப் பிடித்தார்கள். அப்புறம் திரிகிற மாட்டை. மாடும் அலுத்துப்போய்ப் பெண்களிடம் வந்தார்கள். கல்யாணமாகாத பெண், வீட்டு ஆண் யாரும் துணையில்லாமல் பாலம் தாண்டக் கூடாதாம். தீர்மானம் கொண்டுவந்த புண்ணியவான் என் அப்பாவேதான்.

எக்கேடோ கெடட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்குத் திருச்சியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. கடைசி நாளும் வந்துவிட்டது; அன்று விளக்கு வைப்பதற்குள் ஹாஸ்டலில் சேராவிட்டால் இடம் போய்விடும். கூட வரும்படி அப்பாவிடம் கெஞ்சினேன். பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்பினால் தெருவே காறித் துப்பும் என்று அவருக்குப் பயம். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. காவலுக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் டிரங்குப் பெட்டியோடு பின்னாலேயே போனேன். இரண்டு கரை ஆட்களும் நடுப்பாலத்தில் கூடியிருந்தார்கள். எங்கள் தெரு சேஷு மாமா, வீட்டைப் பார்க்கப் போ என்று அதட்டினார். கனி பாய் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஐயங்கார் சம்மதிக்காம நாங்க விட முடியாதும்மா. பேச்சுன்னா பேச்சுதான்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஆற்றைப் பார்த்தார். மஞ்சள் வெயிலில் இரண்டு கரையும் கரைந்து, பாலம் மட்டும் அந்தரத்தில் மிதப்பது போலிருந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

"அப்பா, இப்போ எதிரி யாருன்னாவது சொல்லுங்கோ."

அப்பா கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

விமானம் வருகிறது என்று எச்சரிக்கும் அந்த விசில் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்காமல் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். மறு விசில் வரும்வரை தலை தூக்கக் கூடாது. மூன்று வருஷப் பழக்கம். கனி பாய் விழுந்தார். சேஷு மாமா பஞ்சகச்சத்தோடு விழுந்தார். அத்தனை பேரும் விழுந்தார்கள். வானத்தில் ஒரு கொக்குகூட இல்லை.

அப்பாவும் படுத்துவிட்டார். ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அவர் பக்கத்தில் கால் தயங்கியது.

முகத்தைத் தரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "நான் எழுந்துண்டா உன்னைத் தடுத்தாகணும். போயிடு, கொழந்தே."

ஓடினேன். அக்கரை போய்ச் சேரும்வரை மறு விசில் கேட்கவேயில்லை.