நாக்குக்கு வந்த சோதனை

ஹோட்டல் பாரில் அவனுக்கு 'நாக்கு' என்று பெயர். கலந்த கிளாஸில் ஸ்ட்ராவை முக்கி, மேல்முனையை விரலால் அடைத்து எடுத்து, ஒரு சொட்டை வாயில் விட்டால் போதும். எது கூடியிருக்கிறது, எது குறைகிறது என்று சொல்லிவிடுவான். போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது ருசி, வாசனை இரண்டையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பாரில் அளவுக்கோப்பையை நம்பி ஒப்பேற்றினான். ஸ்ட்ராவை வாயில் வைத்துத் தலையாட்டுவதெல்லாம் வெறும் நடிப்பு. ஆனால் புது மெனுவுக்கு ருசி பார்க்க முதலாளி நாளைக்குக் கூப்பிட்டிருந்தார். அங்கே பாச்சா பலிக்காது. மாட்டினால் கிடங்கில் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

இன்றைக்குக் காலையில் காபி லேசாகக் கசந்தது. நிஜமா, நப்பாசையா என்று அவனுக்கே பிடிபடவில்லை. வீட்டிலேயே மேன்ஹாட்டன் காக்டெயில் ஒன்று கலந்து பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினான். தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தாலும் தெரிந்துகொள்கிற ருசி அது.

மனைவி பாட்டில்களை மேஜையில் எடுத்து வைத்தாள். அதற்குள் மூக்கில் வியர்த்த மாதிரி அவள் தம்பி வந்து நின்றான்.

"என்ன மாமா, பகல்லயே விசேஷமா?"

"உன் மூஞ்சி. உட்காரு."

ஜாடியில் ஐஸ்கட்டி. இரண்டு பங்கு விஸ்கி, ஒரு பங்கு சிவப்பு வெர்மூத், பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு சொட்டு. நீளக் கரண்டியால் சத்தமில்லாமல் சுற்றினான்.

"குலுக்க மாட்டீங்களா?"

"குலுக்கினா கலங்கிடும். வாயை மூடு."

ஃப்ரீசரில் குளிர்ந்த கிளாஸ்களில் வடித்து, ஆளுக்கொரு செர்ரி போட்டான். மச்சினன் ஒரே மூச்சில் பாதியைக் காலி பண்ணினான்.

"அமிர்தம் மாமா!"

அவனும் ஒரு வாய் குடித்தான். குமட்டியது. ஒரே புளிப்பு. அழுக்குத் துணி ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு வாடை.

சிலருக்கு ருசி கோணலாகத் திரும்பும், நல்லதே நாறும், அப்படியே நின்றுவிடவும் கூடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ருசியே இல்லாமல் இருந்தால்கூட அளவை வைத்துச் சமாளிக்கலாம். பொய் சொல்கிற நாக்கை வைத்துக்கொண்டு என்ன கிழிப்பது?

"என்னங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? குடுங்க இப்படி."

வாங்கிக் குடித்தாள். அடுத்த நிமிஷம் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடித் துப்பினாள்.

"கருமம்! என்னங்க இது, வினிகரா?"

"உனக்கும் புளிக்குதா?"

"புளிக்குதாவா? பல்லே கூசுது!"

அவன் மச்சினன் பக்கம் திரும்பினான். "அமிர்தமாடா இது?"

"ஓசில குடுக்கிறதைக் குத்தம் சொல்ல வேணாம்னு பார்த்தேன் மாமா. முதல் வாயிலயே குடலைப் பிடுங்கிடுச்சு."

அவன் வெர்மூத் பாட்டிலைத் தூக்கினான். "இது எங்க இருந்துச்சு?"

"அடுப்புக்கு மேல் தட்டுல. உங்க காய்ச்சலப்போ ஃப்ரிட்ஜ்ல இடமில்லன்னு மாத்தி வச்சேன். சரக்குதானே, கெட்டா போகும்?"

"இது ஒயின்டி. திறந்துட்டா குளிர்லதான் இருக்கணும். ஒரு மாசமா அடுப்புச் சூட்டுல வெந்திருக்கு."

"தெரியாம பண்ணிட்டேன். திட்டணும்னா திட்டுங்க. எதுக்கு இப்படி இளிக்கிறீங்க?"

"நாக்கு சரியாத்தான்டி இருக்கு. சரக்குதான் நாறுது."

அவளுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நாற்காலியை இழுத்துப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்போ கிடங்கு?"

"வேற எவனாவது தூக்கட்டும்."

"என்ன கிடங்கு?" என்றான் மச்சினன்.

மச்சினன் கேட்டதைக் காதில் வாங்காமல் அவன் சந்தேகத்துக்கு இன்னொரு வாய் குடித்தான். புளித்தது. மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு இழுத்தான். அப்பா, என்ன நாற்றம்! மனைவி கிளாஸைப் பிடுங்க வந்தாள்.

"விடுடி, இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று அவள் கையைத் தட்டிவிட்டான்.