இன்ஸ்பெக்‌ஷன் பூட்டு

எங்கள் லைனில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூடியைத் திறக்காமலே நான் சொல்லிவிடுவேன் என்பாள் என் மனைவி லவினா. அவள் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை. பொய்யாகவும் சொல்வதில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் நான் டைம் ஆபீஸில் இருந்தவன். யார் எந்த ஷிஃப்டுக்கு வந்தார், வராதவர் எங்கே போனார் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சுரங்கத்தை மூடினார்கள், சம்பளம் நின்றது. பார்க்கிற வேலையை மட்டும் நான் விடவில்லை.

ஸ்கெலட்டன் என்று பேரான எங்கள் சுரங்கக் கம்பெனி வீட்டு லைனில் எங்களுக்கும் மரியகுழந்தைக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் இருமினால் எங்கள் வீட்டு டம்ளர் அதிரும். மனைவி, பிள்ளை இல்லாத மனிதர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், புருஷனை இழந்த வெண்ணிலா கைக்குழந்தையோடு அவர் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தாள். அவர் ஞாயிறானால் சர்ச்சுக்குப் போவார், இவள் பௌர்ணமியானால் புத்த விகாரைக்குப் போவாள். இந்தக் குடித்தனத்தைப் பற்றி லைன் பேசாத பேச்சில்லை. அதில் பாதி நான் பேசியது. கடைசியில் மரியகுழந்தை படுக்கையில் விழுந்தபோது பேசியவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அள்ளிக் கொட்டியவள் வெண்ணிலாதான். அவர் போய் மூன்று வருஷமாகிறது. ஒழுகின கூரைக்குப் புதுத் தகடு போட்டு, வாசலுக்கு மேல் ஐந்து வண்ணப் புத்தக் கொடி ஒன்றை ஆணியில் மாட்டி, மகளைக் கல்லூரி ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, அவள் அங்கேயே இருந்தாள். விடியுமுன் மாரிகுப்பத்தில் முதல் ரயில் ஏறி ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போவாள். திரும்ப இரவு எட்டு ஆகும்.

இங்கே எங்கள் லைன் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனி வீட்டில், அந்த வீட்டு அட்டையில் பேர் உள்ள தொழிலாளியும் அவன் குடும்பமும் தவிர வேறு ஆள் இருக்கக் கூடாது. இருந்தால் வீட்டுக்கு சீல். அதனால் இன்ஸ்பெக்‌ஷன் ஜீப் சத்தம் கேட்டதும், வெளியாள் குடியிருக்கும் வீட்டுக் கொடியில் காயும் துணி, வாசல் செருப்பு, பக்கெட் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்காரர் வாரித் தன் வீட்டுக்குள் போட்டுவிடுவார். கதவில் தொங்கும் சின்னப் பூட்டு ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்று, அதை மறைத்துத் துருப்பிடித்த பெரிய பூட்டு ஒன்றையும் மாட்டுவார். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு பூட்டு இருந்தது, என் அப்பா காலத்துச் சொத்து. என் உள்ளங்கை அளவு இருக்கும். லைனில் எல்லோருக்கும் அதைத் தெரியும்.

இந்த வீடுகளைக் கவனிக்கிற வீட்டு ஆபீஸின் பெயர்ப்பலகை என் ஆயுசில் மூன்று முறை மாறிவிட்டது. முதலில் வெறும் இங்கிலீஷ், பிறகு கூட இந்தி, இப்போது மேலே பெரிதாகக் கன்னடம். எலெக்‌ஷன் முடிந்த கையோடு ஆட்டோவில் மைக் கட்டி, வீடுவீடாக வந்து எழுதப் போகிறோம், எல்லோரும் ஒத்துழையுங்கள் என்று இரண்டு நாள் கத்தினார்கள்.

"இன்னாத்துக்கு எழுதுறானாம்? வெளிய தள்றதுக்குத்தான்" என்று குழாயடியில் நின்றவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னவன் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. கால் தானாக ஓடியது. வெண்ணிலாவின் துணியை உருவினேன், பக்கெட்டைத் தூக்கினேன், வாசலுக்கு மேலிருந்த ஐந்து வண்ணக் கொடியைக் கூட ஆணியிலிருந்து கழற்றினேன். பூட்டை மாட்டித் திரும்புவதற்குள் இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவன் போனை நீட்டிப் படம் எடுத்தான்.

"இந்த வீட்ல யாரு?"

"யாரும் இல்ல சார். இருந்தவரு செத்துட்டாரு. மூணு வருஷமா காலி."

சாட்சிக் கையெழுத்துக் கேட்டான். சிரில் என்று அழகாகப் போட்டேன். வெண்ணிலா வந்ததும் சொல்லி ஒரு டீ வாங்கிக் குடிக்க வேண்டும் என்று கூட நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நாலாவது வீட்டுத் தாயம்மா குடத்தோடு வந்தாள். "சேதி தெரியுமா? சட்டம் மாறிப்போச்சாம். அட்டையில யாரு பேரு இருந்தாலும் சரி, இப்ப யாரு குடியிருக்காங்களோ அவங்க பேர்லயே பத்திரமாம். காலி வீட்ட மட்டும் ஆபீஸ் எடுத்துக்குமாம். நீ இன்னாமோ தள்றாங்கன்னு சொன்னியே, சிரிலு?"

லவினா என்னைப் பார்த்தாள். நான் பூட்டைப் பார்த்தேன்.

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பொய்த் தகவல் கொடுத்தால் கொடுத்தவர் வீட்டு ஃபைலும் நிறுத்தப்படும் என்று நான் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தின் அடியில் போட்டிருந்தது. என் வீட்டுக்கும் அதே கணக்கெடுப்பில்தான் பத்திரம் வர வேண்டும். எட்டு மணிக்குள் பூட்டைக் கழற்றினேன், துணியைக் கொடியில் போட்டேன், ஐந்து வண்ணத்தை ஆணியில் மாட்டினேன், வாயை மூடிக்கொண்டேன். ஊர்க் கதையெல்லாம் தாங்காத வாய், இதை இரண்டு வாரம் தாங்கியது.

பட்டியல் ஒட்டினார்கள். வெண்ணிலா வீட்டு எண்ணுக்கு நேராக 'காலி'. அவள் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அண்ணா, நீங்க ஆபீஸ் பாஷை தெரிஞ்சவரு. லீவு போட்டுட்டு வர்றேன், கூட வாங்கண்ணா. வீடு போச்சுன்னா நானும் பொண்ணும் எங்க போறது?"

போனேன். போனதோடு நின்றிருக்கலாம். வீட்டு ஆபீஸில் அதிகாரி அம்மாளின் மேஜை முன்னால் உட்கார்ந்ததும் டைம் ஆபீஸ் தோரணை வந்துவிட்டது. "மேடம், உங்க ஆளுங்க ஜீப்ப விட்டு எறங்கவே இல்ல. உக்காந்துக்கினே எழுதிக்கினு போய்ட்டாங்க."

அந்த அம்மாள் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். திரை நிறைய வெண்ணிலாவின் கதவு. அதில் என் அப்பாவின் பூட்டு. மேலே வெறும் ஆணி. ஓரத்தில் நான். கையில் அவள் பக்கெட், தோளில் அவளுடைய பச்சை நைட்டி.

பின்னால் வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

வெண்ணிலா திரையைப் பார்த்தாள். பிறகு, "பூட்டு என்னுதுதான் மேடம். அண்ணா சும்மா நின்னுக்கினு இருந்தாரு" என்றாள்.

எங்கள் லைன் வழக்கம். ஆபீஸ்காரர் முன்னால் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

"நீங்களே பூட்டிட்டுப் போயிருந்தா வீடு காலின்னு எழுதினது சரிதானே?" என்றார் அந்த அம்மாள். "முடிஞ்சுது. அடுத்தவங்க வாங்க."

வெண்ணிலா எழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"அவ பூட்டு இல்ல மேடம்" என்றேன். "என்னுது. காலின்னு சொன்னதும் நான்தான். பத்தொன்பது வருஷமா அவ அங்கதான் இருக்கா."

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"அந்தக் காலத்துல அப்பிடி சொன்னாத்தான் வீடு நிக்கும்."

"அந்தக் காலம் முடிஞ்சு எத்தன வருஷம் ஆச்சு, அங்கிள்? எழுதிக் குடுங்க."

'தவறுதலாகக் கூறிவிட்டேன்' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார். "தவறுதலாவா?" அடித்துவிட்டு, 'தெரிந்தே' என்று எழுதினேன். என் எழுத்து அவ்வளவு கோணலாகி நான் பார்த்ததில்லை. மறுபடி வந்து பார்த்து வெண்ணிலா பேரைச் சேர்ப்பார்களாம். என் ஃபைல் விசாரணை முடிகிற வரைக்கும் தனியாக இருக்குமாம்.

திரும்பும் வழியில் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பஸ்ஸு போயிடுச்சு, நடந்துடலாம்ணா" என்றதோடு சரி. லைனுக்கு நாங்கள் வருமுன் நைட்டிக் கதை வந்து சேர்ந்திருந்தது. குழாயடியில் தாயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியுமுன் கதவைத் தட்டும் சத்தம். வெண்ணிலா வேலைக்குக் கிளம்பி, டிபன் பையோடு நின்றிருந்தாள்.

"அண்ணா, அந்தப் பூட்டக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"ஆபீஸ்காரங்க மறுபடி பாக்க எப்ப வருவாங்கன்னு தெரியல. நான் வீட்ல இருக்க மாட்டேன். ஜீப்பு சத்தம் கேட்டா உங்க காலு நிக்காதுண்ணா."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். போவாள் என்று பார்த்தேன், நீட்டின கையை அவள் மடக்கவில்லை.

"ரெண்டு சாவி கீது இல்ல? அதுவும்."